கொட்டேஷனில் பெயர் இல்லாத வரிகள்: சொந்தமாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யக் கிளம்பும் முன்

போன மாதம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டான், இனி கேம் விளையாடவும், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் எடுத்து வைத்திருக்கும் வீடியோக்களை எடிட் செய்யவும் ஒரு டெஸ்க்டாப் வேண்டும். ஒரு கடையில் எழுதிக் கொடுத்த கொட்டேஷன், அதாவது விலைப்பட்டியல்தான் அந்தப் படம். "மாமா, இது ஓகேவா?"

எட்டு வரி. கணினியின் மூளையான பிராசசருக்கு முழுப் பெயர் இருந்தது. திரையில் படத்தை வரைந்து காட்டும் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பாதிப் பெயர். மற்றதெல்லாம் "16ஜிபி ராம்", "1டிபி எஸ்எஸ்டி", "650வாட் பவர் சப்ளை", "ஆர்ஜிபி கேசிங்" என்று மொட்டையாக. பேக்கேஜ் விலை மலிவாக இருக்கிறது என்றால், அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் இந்தப் பெயரில்லாத வரிகளில் இருந்துதான். அதனால் அவனிடம் நான் சொன்ன முதல் வேலை இதுதான்: எட்டு வரிக்கும் பிராண்ட், மாடல் இரண்டையும் கேட்டு எழுதி வாங்கி வா, அப்புறம் பேசுவோம். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள், கோலாலம்பூரின் லோ யாட் கணினிக் கடைவளாகத்தில் வாங்கினாலும் சரி, ஷோப்பியில் வாங்கினாலும் சரி.

அதற்கும் முன்னால் ஒன்று. கணினியில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதுங்கள். கணக்கு வழக்கு, பிள்ளைகளின் பாடம், யூடியூப் என்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டே தேவையில்லை, பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் போதும், அந்தப் பணத்தில் நல்ல மானிட்டர் வாங்கலாம். கேம் என்றால் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும், கிராஃபிக்ஸ் கார்டுக்கே போகும். வீடியோ எடிட்டிங் என்றால் ராமும் (வேலை நடக்கும்போது மட்டும் தரவைத் தாங்கும் மெமரி) எஸ்எஸ்டியும் (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க்) கூடுதலாக வேண்டும். எங்கள் பையனுக்குக் கொஞ்சம் கேம், நிறைய எடிட்டிங்.

பிராசசரில் அதிகம் குழம்ப வேண்டாம். ஏஎம்டியா இன்டெலா என்று மாமாக் உணவுக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் ஆறும்வரை வாதாடலாம், ஆனால் வாங்கும்போது பார்க்க வேண்டியது சாக்கெட்டைத்தான், அதாவது எல்லாச் சாமானும் மாட்டும் மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தை. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது, 2027 வரையாவது அதற்குப் புது பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதாவது இன்றைக்கு ரைசன் 5 7600 போட்டுவிட்டு, மூன்று நான்கு வருடம் கழித்து மதர்போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றலாம். சம்பளத்துக்கு வேலை செய்கிற குடும்பத்துக்கு அது பெரிய விஷயம், அதனால்தான் நான் ஏஎம்5 பக்கம் சாய்கிறேன். பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள்: 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. சில வெள்ளி மிச்சம் என்று எஃப் வாங்குபவர்கள் உண்டு. நான் வாங்க மாட்டேன். கார்டு ஒரு நாள் பழுதானால், கணினியாவது ஓடும்.

பிராசசர் கையில் வந்ததும் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். உலோக மூடியின் மேல் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். ஏஎம்டி என்றால் பல சில்லுகளில் 'டிஃப்யூஸ்டு இன் தைவான்', அதற்குக் கீழே 'மேட் இன் மலேசியா'. சிலிக்கான் தகடு தைவானில் உருவாகி, சில்லாகக் கட்டப்பட்டுச் சோதிக்கப்பட்டது இங்கே என்று பொருள். எல்லாச் சில்லிலும் மலேசியா இருக்காது, ஆனால் பினாங்கில் இன்டெல் 1972-லேயே அசெம்பிளி தொழிற்சாலை தொடங்கிவிட்டது, ஏஎம்டியும் அதே காலத்தில் வந்துவிட்டது. பாயான் லெப்பாஸ் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போன அக்காமார்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! பையனிடம் அந்த எழுத்தைக் காட்டியபோது போனில் ஜூம் பண்ணிப் படம் எடுத்துக்கொண்டான்.

மதர்போர்டு பிராசசரின் சாக்கெட்டுக்குப் பொருந்த வேண்டும், கேசிங்கின் அளவுக்கும் பொருந்த வேண்டும். ஏடிஎக்ஸ், மைக்ரோ ஏடிஎக்ஸ், மினி ஐடிஎக்ஸ் என்று மூன்று அளவு. சாதாரணமாக மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும். பி650 அல்லது பி850 சிப்செட் (போர்டின் மற்றப் பாகங்களை இணைக்கும் சில்லு) உள்ள போர்டு பாருங்கள், ராம் ஸ்லாட் நான்கு இருந்தால் நல்லது, பெயரில் 'வைஃபை' என்று இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் ஹாலில் இருக்கும் ரூட்டரிலிருந்து அறைக்கு கேபிள் இழுக்க வேண்டிவரும். பழைய ஸ்டாக் பி650 போர்டும் புது ரைசன் 9000 பிராசசரும் சேர்ந்தால் பயாஸ் (போர்டிலேயே இருக்கும், கணினியை எழுப்பும் மென்பொருள்) அப்டேட் செய்யாமல் ஆன் ஆகாமல் போகலாம், அதைக் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

ராமுக்கு வருவோம். "16ஜிபி" என்றால் ஒரே குச்சியா, இரண்டு எட்டா? கேளுங்கள். இரண்டு குச்சியாகப் போட்டால் பிராசசர் இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் படிக்கும், ஒன்றாகப் போட்டால் ஒரு பாதைதான், கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும்தான் பொருந்தும், வீட்டில் கிடக்கும் பழைய டிடிஆர்4 குச்சியின் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், நுழையவே நுழையாது. வேகம் 6000 என்பது ஏஎம்5-க்கு நல்ல இடம், அதற்கு மேல் பணம் கொடுக்கத் தேவையில்லை. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கு மெமரி எல்லாம் போக ஆரம்பித்ததில் ராம் விலை மளமளவென்று ஏறிவிட்டது, ஆகவே பட்ஜெட் போடும்போது பழைய வீடியோக்களில் சொல்லும் விலையை நம்பாமல் ராம் விலையை முதலில் கேட்டுவிட்டு மற்றதைப் பங்கிடுங்கள். எடிட்டிங்குக்கு 32ஜிபி இருந்தால் நிம்மதி. பையனுக்குக் கையில் காசு போதவில்லை, இரண்டு எட்டு போட்டு ஆரம்பித்திருக்கிறான்.

கிராஃபிக்ஸ் கார்டில் பாதிப் பெயர் என்றேன் இல்லையா, அது இதுதான்: கொட்டேஷனில் "ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ" என்று மட்டும் இருந்தது. அந்தக் கார்டு 8ஜிபி, 16ஜிபி என்று இரண்டு வகையாக விற்கிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யும் அப்படித்தான். பெயர் ஒன்று, பெட்டியும் ஏறக்குறைய ஒன்று, உள்ளே மெமரி பாதி. இன்றைய கேம்களில் 8ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, 4கே வீடியோவில் வேலை செய்பவருக்கும் 16 இருந்தால் நல்லது. கேட்டுப் பார்த்ததில் எட்டுதான் போட்டிருந்தார்கள். கார்டின் நீளத்தையும் மில்லிமீட்டரில் பார்த்து, கேசிங் பெட்டியில் எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

எஸ்எஸ்டி: என்விஎம்இ வகை (மதர்போர்டிலேயே நேராக மாட்டுவது), 1டிபி, பெயருள்ள பிராண்ட், ஐந்து வருட வாரண்டி. அவ்வளவுதான்.

இப்போது பவர் சப்ளை. இதில் நான் நேரம் எடுத்துப் பேசுவேன், ஏனென்றால் சில வருடங்களுக்கு முன் செந்தூலில் என் வீட்டிலேயே நடந்தது. பேக்கேஜோடு வந்த பெயரில்லாத பவர் சப்ளை, ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாயங்கால மழை, தூரத்தில் இடி, விளக்கு ஒரு தடவை மங்கி வந்தது, கணினி அணைந்தது. கருகின வாசம் அறை முழுக்க. பவர் சப்ளை தனியாகப் போயிருந்தால் பரவாயில்லை, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த டிஸ்க்கில் அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்தன, வேறு எங்கும் நகல் இல்லை.

அதனால் இதைப் பழகிக்கொள்ளுங்கள். பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் '+12வி' என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், அதை 12-ஆல் பெருக்குங்கள். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். நல்ல 650வாட் சப்ளையில் 54 ஆம்பியர் போல இருக்கும், பெருக்கினால் 648. மேலே பெரிய எழுத்தில் 650 என்று போட்டு, அட்டவணையில் 30 ஆம்பியர் என்று இருந்தால் அது 360வாட் சப்ளை, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்பவை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான முத்திரை, உள்ளே பாதுகாப்புச் சுற்று நன்றாக இருக்கிறதா என்பதை அது முழுதாகச் சொல்லாது, ஆகவே முத்திரையோடு பிராண்டும் வாரண்டி வருடமும் பாருங்கள். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ரைசன் 5 7600 முழு வேகத்தில் 90வாட்டை ஒட்டி எடுக்கும், 5060 டிஐ 180வாட் வரை எடுக்கும், மற்றதெல்லாம் சேர்த்தாலும் 350-க்குள் அடங்கிவிடும், எனவே நல்ல 550 அல்லது 650 தாராளம். 1000வாட் வாங்கச் சொன்னால் கேட்க வேண்டாம்.

ப்ளக்கையும் பாருங்கள். சில பெட்டிகளில் வெளிநாட்டு இரண்டு பின் கேபிள் வரும், கடையில் ஒரு சின்ன அடாப்டர் தருவார்கள். வேண்டாம். சிரிம் (மலேசியத் தர முத்திரை) ஸ்டிக்கர் ஒட்டிய, ஃப்யூஸ் உள்ள மூன்று பின் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அடாப்டரில் எர்த் விட்டுப்போனால் கேசிங்கில் கை பட்டதும் சுரீர் என்று இருக்கும், அது கணினிக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்குங்கள், ஆனால் அதை நம்பி விட்டுவிட வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் இடி எப்படி என்று நமக்குத் தெரியும். வானம் கறுத்தால் ப்ளக்கைப் பிடுங்குங்கள், லேன் கேபிளையும் சேர்த்து.

கேசிங் விஷயத்தில் பையனுக்கும் எனக்கும் சண்டை. அவனுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டும். நம் வீட்டு அறை பகலில் 31, 32 டிகிரி, ஏர்கான் இரவில் மட்டும். உள்ளே போகும் காற்றே சூடு, அதுவும் போகாமல் கண்ணாடியால் அடைத்தால்? முன்பக்கம் வலை போட்டது, முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. பக்கக் கண்ணாடி இருக்கட்டும், அது அவனுக்கு. தூசி வடிகட்டி கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். சாமி அறைக்கு அருகில் வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: சாம்பிராணிப் புகையும் ஊதுபத்திப் புகையும் தூசியோடு சேர்ந்து பிசுபிசுவென்று படியும், ஊதினால் போகாது, துடைக்கத்தான் வேண்டும். பின்னால் காலியாக இருக்கும் ஸ்லாட் மூடிகளைத் தூக்கிப் போடாதீர்கள். சூடான இடம் என்று பல்லி வந்துவிடும்.

சாமான் எல்லாம் வந்துவிட்டதா? சரி, ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்குங்கள். முதல் தடவை மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். பெரிய மேசை, காந்த முனை உள்ள பிளஸ் திருப்புளி ஒன்று, ஸ்குரூ போட ஒரு கிண்ணம். நம் ஊர் ஈரக்காற்றில் ஸ்டேட்டிக் அவ்வளவு தொல்லை தராது, ஆனால் ஏர்கான் அறையில் தரும், அதனால் இடையிடையே கேசிங்கின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

மதர்போர்டை அதன் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசசர், ராம், எஸ்எஸ்டி மூன்றையும் கேசிங்குக்கு வெளியிலேயே மாட்டுங்கள். ஏஎம்5 சாக்கெட்டில் பின்கள் போர்டில் இருக்கின்றன, மயிர் போல மெல்லியவை, விரல் பட்டால் வளைந்துவிடும், வளைந்தால் வாரண்டி கிடைப்பது கஷ்டம். நெம்புகோலைத் தூக்கி, சட்டத்தைத் திறந்து, பிராசசரின் மூலையில் இருக்கும் சின்னத் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, பக்கங்களைப் பிடித்து அப்படியே இறக்கி வையுங்கள். அழுத்தவே கூடாது, தன் எடையிலேயே உட்காரும். நெம்புகோலை மூடும்போதுதான் பலம் வேண்டும், கிரீச்சென்று ஒரு சத்தம் வரும், பையன் பயந்து கையை எடுத்துவிட்டான். அது இயல்பான சத்தம்தான். கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வெளியே வரும், அதை எடுத்து வையுங்கள், வாரண்டிக்கு போர்டை அனுப்பும்போது அது இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

ராம் இரண்டு குச்சியையும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள், போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். க்ளிக் என்று கேட்கும்வரை அழுத்துங்கள். எஸ்எஸ்டியைச் சாய்வாக நுழைத்து, படுக்க வைத்து ஸ்குரூ போடுங்கள், அதன் மேல் வரும் தகட்டின் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரியுங்கள். பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் கூலரின் அடியிலும் அதே மாதிரி தாள் இருக்கலாம், உரிக்காமல் மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு நிமிடத்தில் சூடு உச்சிக்குப் போய்விடும். கூலரில் ஏற்கெனவே சூடு கடத்தும் பேஸ்ட் பூசியிருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் பிராசசரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு, தேய்க்க வேண்டாம், கூலர் அழுத்தத்தில் தானே பரவும். நான்கு ஸ்குரூவையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கேசிங்குக்குள் வைக்கும் முன் ஒரு தடவை ஆன் செய்து பாருங்கள், பின்னால் மிச்சமாகும் நேரம் அதிகம். பவர் சப்ளையின் 24 பின் கேபிள் போர்டுக்கு, எட்டு பின் கேபிள் போர்டின் மேல் மூலைக்கு, மானிட்டர் கேபிள் போர்டிலேயே. பவர் சுவிட்ச் பின்கள் இரண்டையும் திருப்புளி முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள், எந்த இரண்டு என்று போர்டின் மேனுவலில் படம் இருக்கும்.

ஃபேன் சுற்றும். திரை கறுப்பு. இங்கேதான் எல்லோரும் பதறிப்போய் அணைக்கிறார்கள். டிடிஆர்5 முதல் தடவை தன்னைத்தானே சோதித்துப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும், ஏஎம்5-இல் சில நிமிடங்கள்கூட ஆகும், நடுவில் தானே அணைந்து எழுந்தாலும் எழும். கை வைக்காதீர்கள். போய் ஒரு கப் தேநீர் போட்டுக்கொண்டு வாருங்கள். நாங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், பையன் அம்மாவிடம் "கெட்டுப்போச்சும்மா" என்று சொல்லவே ஆரம்பித்துவிட்டான், அந்த நேரம் பார்த்துத் திரையில் லோகோ வந்தது. பத்து நிமிடத்துக்கு மேலும் ஒன்றும் வரவில்லை என்றால் ராமைக் கழற்றி மறுபடி அழுத்திப் போடுங்கள், ஒரே குச்சியோடு முயற்சி செய்யுங்கள், போர்டில் எரியும் சின்ன விளக்கு சிபியு (பிராசசர்), டிரேம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

வந்துவிட்டதா, அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கேசிங்குக்குள் மாற்றுங்கள். பின்பக்கத் தகடு தனியாக வந்திருந்தால் அதை முதலில் பொருத்துங்கள், மறந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டிவரும். மதர்போர்டின் துளைகளுக்கு நேராகப் பித்தளைக் கட்டைகள் இருக்கின்றனவா, துளை இல்லாத இடத்தில் கட்டை எதுவும் போர்டில் முட்டவில்லையா என்று பாருங்கள். பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதிய சப்ளையில் மாட்டவே மாட்டாதீர்கள், தலை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை வேறு, சாமான் கருகிவிடும். கடைசியில் கிராஃபிக்ஸ் கார்டு. அதன் பவர் கேபிள் 16 பின் வகையாக இருந்தால் இடைவெளி துளியும் தெரியாமல் முழுக்க உள்ளே போக வேண்டும், அரைகுறையாக நின்றால் சூடாகி உருகும். மானிட்டர் கேபிளை இப்போது போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் மாட்டுங்கள்.

பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட விடும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ராம் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே 8ஜிபி பென்டிரைவில் இறக்கிப் போடலாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, இனி அது வேண்டாம். டிரைவர்களைப் போட்ட பிறகு டிஸ்ப்ளே செட்டிங்கில் போய்ப் பாருங்கள், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இலேயே நின்றுகொண்டிருக்கலாம். அரை மணி நேரம் கேம் ஓட விட்டு வெப்பத்தைப் பாருங்கள். ரைசன் 7600-இன் வரம்பு 95 டிகிரி, நம் வெயிலில் கூடவே வரும் கூலரோடு எண்பதுகளில் நின்றால் பயப்பட ஒன்றுமில்லை.

கடையில் தகராறு வந்தால், பேசிப் பார்த்தும் மாற்றித் தரவில்லை என்றால், பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை வழக்கு, மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. ஆனால் அங்கே போக ரசீது வேண்டும், ரசீதில் மாடல் பெயர் வேண்டும், "650வாட் பவர் சப்ளை" என்று மொட்டையாக இருந்தால் நீங்கள் எதை வாங்கினீர்கள் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? அக்கா மகன் இரண்டாவது தடவை வாங்கி வந்த கொட்டேஷனில் எட்டு வரிக்கும் பெயர் இருந்தது. விலை கொஞ்சம் கூடித்தான் போனது, அந்தக் கூடுதலை அக்கா கொடுத்தார். ரசீது தெர்மல் தாளில் இருந்தது, நம் வெக்கையில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும், அதனால் அன்றைக்கே போட்டோ எடுத்து, எல்லாப் பெட்டியின் சீரியல் ஸ்டிக்கரையும் சேர்த்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்திருக்கிறோம்.